5:21:10 — கோல்டிங்ஹாம் விட்டுப்போன நேரம்

பைதான்ல ஸோன்இன்ஃபோ லைப்ரரியை எடுத்துக்கோங்க. ஏசியா/கொல்கத்தா டைம் சோன்ல 1900 ஜனவரி 1-க்கு ஆஃப்செட் என்னன்னு கேளுங்க. 5:30 வரும்னுதானே நினைப்பீங்க? வராது. 5 மணி 21 நிமிஷம் 10 விநாடின்னு வரும். ஜாவால கேட்டாலும் அதேதான். குரோம் பிரவுசர்ல அதே தேதியைப் போட்டாக்கூட ஜிஎம்டிக்குப் பக்கத்துல 0521 வந்து நிக்கும்.

பழைய பைடிஇசட் லைப்ரரியை யூஸ் பண்ணவங்களுக்கு இன்னொரு நம்பரும் பழக்கமா இருக்கும்: 5:53. லோக்கலைஸ் பண்ணாம டைம் சோனை நேரா டேட்டைம்குள்ள சொருகினா, நம்ம ஹேக்கத்தான் ப்ராஜெக்ட்ல எல்லா மீட்டிங்கும் 23 நிமிஷம் தள்ளிப் போயிடும். அந்த 5:53 கல்கத்தாவோட பழைய உள்ளூர் நேரம். சரி, 5:21:10 யாரோடது? நம்ம ஊரோடது. அதுக்குப் பேரு மெட்ராஸ் டைம். அதுக்குப் பின்னால ஒரு மனுஷன் இருக்கார். பேரு ஜான் கோல்டிங்ஹாம். இறந்து 175 வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் வாழ்க்கையைத்தான் இப்போ பார்க்கப் போறோம். இன்ஜினியரிங் படிக்கிற நாம அவரைத் தெரிஞ்சுக்க வேற காரணங்களும் இருக்கு. அது போகப் போக வரும்.

நுங்கம்பாக்கத்துல ஒரு கல்தூண்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போ ஒரு பெரிய தலைவலி. சோழமண்டலக் கரையோரம் கப்பல்கள் வழி தவறித் தட்டிக்கொண்டிருந்தன. கரை எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. மைக்கேல் டாப்பிங் என்ற சர்வேயர் விடாமல் வற்புறுத்தியதால், 1792-ல் நுங்கம்பாக்கத்தில், கூவம் ஆற்றுப் பக்கம் ஒரு வானாய்வுக்கூடம் எழுந்தது. நடுவில் 18 அடி உயரமுள்ள ஒரே கருங்கல் தூண். கட்டடம் ஆடினாலும் மேலே இருக்கும் கருவி ஆடக்கூடாது, அதுக்காகத்தான் இந்தத் தூண். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் கல்வெட்டு பொறித்தார்கள். இன்றைக்கு நாம புயல் வந்தா டிவில பார்க்கிற வானிலை ஆய்வு மையம் இருக்கே, அந்த வளாகத்தில்தான் தூண் இன்னமும் நிக்குது.

டாப்பிங்குக்கு உதவியாளராக இருந்தவர் கோல்டிங்ஹாம். 1796-ல் மசூலிப்பட்டினத்தில் டாப்பிங் இறந்துபோனார். அவர் பார்த்த வேலையெல்லாம் மொத்தமாகக் கோல்டிங்ஹாம் தலையில் விழுந்தது. வானாய்வுக்கூடம் மட்டும் இல்லைங்க, ஒரு பள்ளிக்கூடமும் சேர்ந்து வந்தது.

அந்தப் பள்ளிக்கூடம் 1794 மே மாதம் டாப்பிங் ஆரம்பித்த சர்வே பள்ளி. எட்டுப் பையன்களோட தொடங்கியது. நிலம் அளக்க ஐரோப்பாவில் இருந்து ஆள் கொண்டுவருவது செலவு. இங்கேயே அநாதை இல்லத்துப் பசங்களுக்குக் கணக்கும் அளவையும் சொல்லிக்கொடுத்தால் மலிவு என்பது கம்பெனியின் கணக்கு. நிலத்தை அளப்பதே வரி போடத்தான் என்பதையும் மறந்துடக்கூடாது. ஆனா அந்தப் பள்ளியோட வழித்தோன்றல் எது தெரியுமா? கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். டாப்பிங்குக்கு அப்புறம் அந்தப் பசங்களைப் பார்த்துக்கொண்டவர் இவர். கவுன்சலிங்ல நாம எந்தக் காலேஜைப் பிடிச்சிருந்தாலும், இந்த ஊர்ல இன்ஜினியரிங் படிப்புங்கிற சங்கதி அங்கிருந்துதான் கிளம்புது.

நேரம்னா இடம்

இப்போ கோர் சப்ஜெக்ட்டுக்கு வருவோம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுத்துது. அப்படின்னா ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். ஒரு ஊரோட உள்ளூர் நேரத்துக்கும் கிரீனிச் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சா, அந்த ஊரோட தீர்க்கரேகை கிடைச்சிடும். உள்ளூர் நேரம் சுலபம்: சூரியனோ நட்சத்திரமோ உச்சியைக் கடக்கிறப்போ பார்த்துக் கடிகாரத்தைச் சரி பண்ணிடலாம். அதே நொடியில கிரீனிச்ல மணி என்ன? தந்தி கிடையாது, போன் கிடையாது. லண்டன்ல இருந்து கப்பல் வரவே பல மாசம்.

அதுக்கு வானத்திலேயே ஒரு பொதுக் கடிகாரம் இருக்கு: வியாழன். அதோட துணைக்கோள்கள் வியாழனின் நிழலுக்குள் போய் மறையும், வெளியே வரும். முதல் துணைக்கோள் சுமார் 42 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தி வருது. அந்த மறைவு எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் நடக்கும். மெட்ராஸில் பார்த்த நேரத்தை எழுதி வைத்து, கிரீனிச் கணக்கோடு கழித்தால் வேலை முடிந்தது. இன்னிக்கு நாம யூடிசி டைம்ஸ்டாம்ப்னு சொல்றது போல, அன்னிக்கு அது வியாழன் டைம்ஸ்டாம்ப்.

சொல்ல ஈஸி. செய்யக் கஷ்டம். துணைக்கோள் சுவிட்ச் போட்ட மாதிரி அணையாது, மெல்ல மங்கும். எந்த நொடியில் மறைந்தது என்பது டெலஸ்கோப்பையும் கண்ணையும் அன்றைய பனிமூட்டத்தையும் பொறுத்தது. அதனால் ஒரு ராத்திரி பார்த்தால் போதாது. வருஷக்கணக்கில் பார்த்து, எழுதி, சராசரி எடுக்க வேண்டும். கோல்டிங்ஹாம் அதைத்தான் செய்தார். அவர் கண்டுபிடித்த மெட்ராஸின் தீர்க்கரேகை 80 டிகிரி 18 கலை 30 விகலை. நாலால பெருக்கிப் பாருங்க: 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி.

மெட்ராஸ் டைம் 1802-ல் பிறந்ததாகச் சொல்வார்கள். அதே வருஷம் ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தன் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். முதல் அடிக்கோடு எங்கே தெரியுமா? பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில் இருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் 12 கிலோமீட்டர். கூகுள் மேப்ல அந்த ரெண்டு இடத்தையும் ஒரு கோட்டால இணைச்சுப் பாருங்க. கோடு நம்ம கீழ்க்கட்டளையை உரசிக்கிட்டுத்தான் போகும். ரேடியல் ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறப்போ இந்தியாவோட முதல் வரியில நிக்கிறோம்னு வெச்சுக்கலாம். லாம்டனின் வரைபடத்துக்குத் தீர்க்கரேகை கொடுத்தது கோல்டிங்ஹாமின் அந்த எண்தான்.

கட்டடம், சிற்பம், பீரங்கி

ஒரே வேலையோட நிக்கிற ஆள் இல்லை அவர். திப்பு சுல்தானைத் தோற்கடித்ததைக் கொண்டாட கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு விருந்து மண்டபம் கட்டச் சொன்னார். வரைந்து கட்டியவர் கோல்டிங்ஹாம். 1802-ல் முடிந்த அந்த மண்டபம் இன்றைய ராஜாஜி ஹால். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தலைவர்கள் மறைந்தபோதெல்லாம் சனம் அலைமோதிய அதே படிக்கட்டு. மாமல்லபுரம் சிற்பங்களைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்; அது ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் தொகுப்பில் 1798-ல் வந்தது.

1805-ல் அவர் நீண்ட விடுப்பில் போனார். அந்த இடைவெளியில் பொறுப்பேற்றவர் ஜான் வாரன், பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்து ஆள். பின்னாளில் வாரன் 1825-ல் ‘கால சங்கலிதம்’ என்ற தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். தமிழ் மாசம், திதி, ஹிஜ்ரி எல்லாத்தையும் ஆங்கிலத் தேதிக்கு மாத்துற அட்டவணைகள்; சுருக்கமா சொன்னா, அச்சில் வந்த ஒரு டேட் கன்வர்ஷன் லைப்ரரி. பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் அதில் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு சுமார் 4 நிமிஷம்தான். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னாடி இங்கே நேரக்கணக்கு இல்லைன்னு யாராவது சொன்னா, இந்தச் சோழிகளை ஞாபகப்படுத்துங்க.

திரும்பி வந்த கோல்டிங்ஹாம் 1820-களின் தொடக்கத்தில் ஒலியின் வேகத்தை அளந்தார். ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை பீரங்கி வெடிப்பது வழக்கம். நுங்கம்பாக்கத்தில் இருந்து மலை சுமார் 9 கிலோமீட்டர். கோட்டை அதில் பாதிக்கும் குறைவு. வெடியின் வெளிச்சம் தெரிந்ததில் இருந்து சத்தம் காதில் விழும் வரை எத்தனை விநாடி? மலைப் பீரங்கிக்கு 26 விநாடி போலப் பிடிக்கும். கூடவே வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் திசை எல்லாம் குறித்தார். வேகம் நிலையான ஒரு எண் இல்லை, மாசத்துக்கு மாசம் மாறுது, வெயில் காலத்தில் கூடுதுன்னு அவரோட பட்டியல் காட்டியது. 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. அதே பீரங்கிச் சத்தம் கீழ்க்கட்டளை ஏரிக்கரைக்கு வந்து சேர சுமார் 17 விநாடி ஆகியிருக்கும். ஆனா இங்கே யாரும் குறித்து வைக்கவில்லை.

கடலுக்குள் விழுந்த ஆய்வுக்கூடம்

1830-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1849-ல் அங்கேயே இறந்தார். அவர் விட்டுப்போன எண் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. ரயிலும் தந்தியும் வந்தபோது நாடு முழுவதுக்கும் ஒரே நேரம் தேவைப்பட்டது. பம்பாய் நேரம் 4:51, கல்கத்தா நேரம் 5:53. ரெண்டுக்கும் நடுவே பார்த்தால் 5:22. மெட்ராஸ் ஏறக்குறைய சரியாக அங்கே உட்கார்ந்திருந்தது. வானாய்வுக்கூடமும் கடிகாரமும் கைவசம். 1870-ஐ ஒட்டி ரயில்வே மெட்ராஸ் டைமை எடுத்துக்கொண்டது. லாகூரில் ரயில் ஏறியவரும் நுங்கம்பாக்கத்து மணியைத்தான் பார்த்தார்.

இப்போ ஒரு ஷாக். கோல்டிங்ஹாமின் எண் தப்பு. வானாய்வுக்கூடத்தின் உண்மையான தீர்க்கரேகை 80 டிகிரி 14 கலை 50 விகலைக்குள்தான். அவர் எண்ணை மேப்ல போட்டா, மெரினாவைத் தாண்டி வங்காள விரிகுடாவுல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல உள்ளே போய் விழுது. பிசகு சுமார் ஆறரைக் கிலோமீட்டர். நேரத்தில் 15 விநாடி. வியாழனின் நிழலைக் கண்ணால் பார்த்து, ஊசல் கடிகாரத்தை நம்பி எடுத்த அளவுக்கு 15 விநாடி பெரிய தப்பா என்று நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. நம்ம லைப்ரரியில் இருக்கும் 5:21:10 அவரோட 5:21:14-ம் இல்லை. கிட்டத்தட்ட 5:20:59 என்கிற உண்மை நேரமும் இல்லை. ரயில்வே புழங்கிய எண் அது. கடிகாரத்துக்கு உண்மையைவிட ஒப்புக்கொண்டதுதான் முக்கியம். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே 15 விநாடி தப்பு இருந்தால் ரயில் மோதாது.

1906 ஜனவரி 1-ல் 5:30 வந்தது. மெட்ராஸ் கடிகாரங்கள் 8 நிமிஷம் 50 விநாடி முன்னே தாண்டின. டைம் சோன் டேட்டாபேஸைப் பொறுத்தவரை அன்னிக்கு நள்ளிரவு 12-ல் இருந்து 12:08:50 வரை ஒரு நேரமே இல்லை. அந்த இடைவெளிக்குள்ள ஒரு டேட்டைம் உருவாக்கிப் பாருங்க, லைப்ரரி என்ன பண்ணுதுன்னு தெரியும்.

இதுல நமக்கு நேரடியா ஒரு பாடம் இருக்கு. ஆஃப்செட் வேற, டைம் சோன் வேற. +5:30 ஒரு எண். ஏசியா/கொல்கத்தா ஒரு வரலாறு: 5:53, 5:21:10, 5:30, இரண்டாம் உலகப்போர்ல 6:30, மறுபடி 5:30. நுங்கம்பாக்கத்தின் 1890-கள் வானிலைப் பதிவை எடுத்து எம்எல் மாடல் பண்றவங்க 5:30-ன்னு கையால டைப் பண்ணிட்டா, ஒவ்வொரு வரியும் ஒன்பது நிமிஷம் பிசகும். எந்த எரரும் வராது. சோன் பேரைக் கொடுங்க, கழித்தலை லைப்ரரி பார்த்துக்கட்டும்.

கடைசியா ஒரு கணக்கு. கீழ்க்கட்டளையின் தீர்க்கரேகை சுமார் 80.187. நாலால பெருக்கினா நம்ம ஏரியாவோட சொந்த நேரம் 5:20:45. அதாவது நம்ம போன்ல மதியம் 12 ஆனாலும், ஊரோட சொந்தக் கணக்குப்படி இன்னும் 9 நிமிஷம் 15 விநாடி பாக்கி இருக்கு. உங்க ஊருக்கு எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க. நாலு நிமிஷம், ஒரு டிகிரி. வேற எதுவும் தேவையில்லை.