தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ் முதல் கரி பஸ் வரை: யார் இந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார்?

டி.வி.எஸ்-னு சொன்னதும் இப்போ பைக்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பஸ் விட்டவர்.

1877-ல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார் சுந்தரம் அய்யங்கார். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விட்டார். 1912-ல் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் விட்டார். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னரின் தனி சமஸ்தானம். சாலையோ மாட்டு வண்டிகளுக்கானது. பின்னாளில் மதுரைதான் அவருக்குத் தலைமையிடம்.

அவர் பஸ்ஸைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைத் திருத்திக்குவாங்களாம். சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க காந்தம் கட்டின வண்டி ஓடினதாகவும் மதுரைப் பக்கம் சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் நேரம் தவறாம ஓட, பஸ் வழியில் நிற்கக் கூடாது. அது எஞ்சின் பராமரிப்பு சமாச்சாரம்.

எஞ்சினுக்குள் என்ன நடக்குது?

பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள். இந்த வாயு வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் கசியும். அதிலுள்ள ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்தால் கறுப்புச் சேறாகும். அந்தக் காலத்து எஞ்சினில் இதுக்கு ஒரு திறந்த பிரீத்தர் குழாய், அவ்வளவுதான். ஆயில் ஆவி நேராகக் காற்றில் போகும்.

போர் வந்தது, பெட்ரோல் போனது

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நின்றுவிடும் நிலை. அப்போது டி.வி.எஸ். சொந்தமாக 'கேஸ் பிளான்ட்' தயாரித்தது. அடுப்புக்கரியை அரைகுறையாக எரித்து, வரும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவில் எஞ்சினை ஓட்டும் கருவி அது. பெட்ரோலில் கிடைக்கும் சக்தி இதில் கிடைக்காது. விஷ வாயு வேறு.

இன்னொரு தலைவலியும் உண்டு. வாயுவை நன்றாக வடிகட்டாவிட்டால் சாம்பல் தூசும் தாரும் உள்ளே போகும். ரிங் தேயும், பேக் கம்ப்ரஷன் கூடும், ஆயில் சீக்கிரமே கெடும். கரி பஸ் ஓட்டியவர்களுக்கு வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் ஆயிலைப் பார்ப்பதும் தினசரி வேலை. எரிபொருள் கிடைத்தால் போதும்னு நினைக்க முடியாத காலம் அது.

1955-ல் கொடைக்கானலில் அவர் காலமானார். பைக் எல்லாம் அடுத்தடுத்த தலைமுறைகளின் வேலை. 1960-களில்தான் அமெரிக்கக் கார்களில், ஆயில் ஆவியை வெளியே விடாமல் திரும்ப எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு பரவலானது. இன்றைய பெட்ரோல் கார்களிலும் அதே ஏற்பாடுதான். ஆயில் சீல் மாத்தியும் கசிவு நிற்கலைன்னா, அந்த வால்வோ அதன் ஹோஸோ அடைச்சிருக்கான்னு மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்க.