வில்லியம் பிளேஃபெயர்

வில்லியம் பிளேஃபெயர் (செப்டம்பர் 22, 1759 – பெப்ரவரி 11, 1823) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளரும் பொருளியல் எழுத்தாளரும் ஆவார். பட்டை வரைபடத்தை உருவாக்கியவராக இவர் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் டண்டீ நகருக்கு அருகிலுள்ள லிஃப் என்னும் ஊரில் பிறந்தார். கணிதவியலாளர் ஜான் பிளேஃபெயர் இவரது அண்ணன். 1777 முதல் பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட்டிடம் உதவியாளராகப் பணியாற்றினார்.

பட்டை வரைபடம்

1786 இல் இவர் வெளியிட்ட வணிக வரைபட நூலில் பெரும்பாலானவை பல ஆண்டுகளின் போக்கைக் காட்டும் கோட்டு வரைபடங்கள். ஸ்காட்லாந்துக்கோ ஓராண்டுத் தரவு மட்டுமே கிடைத்தது. எனவே வணிகம் நடந்த 17 இடங்களின் பெயர்களை நிலைக்குத்தாக அடுக்கி, கிடைப் பட்டைகளை வரைந்தார். ஏற்றுமதியைக் கருநிறப் பட்டையாலும் இறக்குமதியைக் கோடிட்ட பட்டையாலும் வேறுபடுத்தினார். காலத்தைக் காட்டாமையால் அதனைக் குறையுடையதாகவே எண்ணினார். எனினும் இன்றைய விரிதாள் மென்பொருள்களின் கிடைப்பட்டை வரைபடம் அதே அமைப்பையே கொண்டுள்ளது.

1801 இல் வட்ட விளக்கப்படத்தையும் அறிமுகப்படுத்தினார். தொழில் முயற்சிகள் பல தோல்வியுற்று, வறுமையில் இலண்டனில் காலமானார்.