பிறர் துயரை அறிந்த எடித் ஸ்டைன்

பிறர் படும் துன்பத்தை நாம் எவ்வாறு உணர்கிறோம்? அவர் நெஞ்சினுள் புகுந்து பார்க்க நம்மால் இயலாது. ஆயினும் அழுகின்ற முகத்தைக் கண்டதும் அங்கே துயரம் இருப்பதை அறிகிறோம். இந்த வினாவிற்கு விடைதேடித் தம் இளமையைச் செலவிட்டவர் எடித் ஸ்டைன் அம்மையார்.

1891 அக்டோபர் 12 அன்று, அந்நாளைய ஜெர்மனியின் பிரெஸ்லௌ நகரில் யூதக் குடும்பமொன்றின் கடைசிக் குழந்தையாக அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தை காலமானார். மர வணிகத்தைத் தாயே ஏற்று நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். 1913-இல் எடித், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தத்துவ மேதை எட்மண்ட் ஹுஸ்ஸெர்லின் மாணவியானார்.

முதல் உலகப்போர் மூண்டது. 1915-இல் செஞ்சிலுவைச் சங்கத் தாதியாக, ஆஸ்திரிய இராணுவ மருத்துவமனையில் தொற்றுநோயால் வாடிய வீரர்களுக்குப் பணிவிடை செய்தார்.

1916-இல் ஒத்துணர்வு பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். பிறர் செயலை மனத்துள் பின்பற்றுவதே ஒத்துணர்வு. அது முழுமையுறும்போது காண்பவர் காணப்படுபவரோடு ஒன்றிவிடுகிறார் என்பது தியோடர் லிப்ஸ் என்னும் அறிஞரின் கொள்கை. கழைக்கூத்தாடியைக் காண்பவர் மனத்தளவில் அவரோடு ஒன்றாகிவிடுகிறார் என்றார் அவர். ஸ்டைன் இதை ஏற்கவில்லை. காண்பவர் மனத்தால் கூத்தாடியின் அருகில் நிற்கிறாரேயன்றி, அவராகவே ஆகிவிடுவதில்லை. துன்பம் அவருடையது, அதை அறியும் அனுபவம் நம்முடையது. அழும் கூட்டத்தில் தாமும் அழுவது உணர்ச்சித் தொற்று மட்டுமே. அது பிறரை அறிதல் ஆகாது என்று அவர் பிரித்துக் காட்டினார்.

1922-இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய எடித், 1933-இல் கொலோன் நகரின் கார்மெல் மடத்தில் சேர்ந்தார். நாஜிகளின் கொடுமை முற்றவே, 1938 இறுதியில் நெதர்லாந்தின் எக்ட் மடத்திற்குச் சென்றார். அங்கும் ஆபத்து தொடர்ந்தது. 1942 ஆகஸ்ட் 2 அன்று அவரும் தமக்கை ரோசாவும் கைதாயினர்.

வெஸ்டர்போர்க் முகாமில் தாய்மார்கள் நிலைகுலைந்து, பெற்ற பிள்ளைகளையும் மறந்து அமர்ந்திருந்தனர். எடித் அக்குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, உணவூட்டியதாக உடனிருந்தோர் சான்று கூறியுள்ளனர். ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்சில் சகோதரியர் இருவரும் கொல்லப்பட்டனர். 1998-இல் திருச்சபை எடித்தைப் புனிதராக அறிவித்தது.

அத்தாய்மார்களுக்கு நேரவிருந்த கதியே அவருக்கும் காத்திருந்தது. அவர்தம் துயரை அவர் முழுமையாக அறிந்தார். ஆனால் அதில் மூழ்கிவிடவில்லை. மூழ்கியிருந்தால் குழந்தைகளின் பசி அவர் கண்ணில் பட்டிருக்காது. இளமையில் ஏட்டில் எழுதிய உண்மையை இறுதி நாட்களில் அவர் வாழ்ந்தே காட்டினார்.