ஆய்வகத்துக்கு ஜன்னல் திறந்தவர்!

தூத்துக்குடி கடலில், முத்துக் குளித்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிப்பிக்குள் ஒரு முத்து உருவாக, சில ஆண்டுகள் கூட ஆகும். அந்த முத்தை, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? நுரைத்துக்கொண்டு கரையத் தொடங்கி விடும்! கடற்கரையில் நாம் பொறுக்கும் சிப்பி ஓடும் அப்படித்தான். இரண்டிலும் பெரும்பகுதி, கால்சியம் கார்பனேட்.

முத்தையே கரைக்கும் அமிலம், நம் கண்ணையும், தோலையும் சும்மா விடுமா? அதனால்தான் ரசாயனங்களை வாங்குவதற்கும், அடுக்கி வைப்பதற்கும், கையாள்வதற்கும் ஒழுங்கு முறைகள் இருக்கின்றன. அந்த ஒழுங்கின் அருமையை, சொந்த வாழ்க்கையிலேயே படித்தவர் ஒருவர் உண்டு. அவர், இந்திய வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும், ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ராய்!

இன்றைய வங்கதேசத்தில் உள்ள ராருளி கிராமத்தில், 1861 ஆகஸ்டு 2ல் பிறந்தார் ராய். சிறு வயதில், கடும் சீதபேதியால் படுத்து விட்டார். இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கே போக முடியவில்லை. அவர் அழுது கொண்டு இருக்கவில்லை. அப்பாவின் நூலகத்தில் இருந்த புத்தகங்களை எடுத்துப் படித்துத் தள்ளினார். பிற்காலத்தில், உடம்பு ஒத்துழைக்காதபோதும் உழைக்கும் மன உறுதி, அப்போதே வந்து விட்டது.

கடும் போட்டித் தேர்வில் வென்று, உதவித்தொகை பெற்று, 1882ல் பிரிட்டன் சென்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1887ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மறு ஆண்டு ஊர் திரும்பினார். ஆனால், உடனே வேலை கிடைக்கவில்லை. 1889ல் தான் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாதச் சம்பளம், 250 ரூபாய்.

அங்கே அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. வேதியியல் ஆய்வகம், காற்றோட்டமே இல்லாத பழைய கட்டடத்தில் இருந்தது. மாணவர்கள் சோதனை செய்யச் செய்ய, புகையும், நச்சு வாயுவும் அறையிலேயே தேங்கி நின்றன. மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம்.

புகார்க் கடிதம் எழுதினால், அது எந்த மேஜையில் தூங்குமோ! எனவே, ராய் ஒரு யோசனை செய்தார். வகுப்பு நடந்து கொண்டிருந்த நேரத்தில், கல்லூரி முதல்வரை ஆய்வகத்துக்கே அழைத்து வந்தார். முதல்வருக்குச் சில நிமிடங்கள் கூட நிற்க முடியவில்லை. மூச்சுத் திணறி வெளியே ஓடினார். அன்றே மேலிடத்துக்குக் காரமாக எழுதினார். எடின்பரோ ஆய்வகத்தின் வரைபடமும் வரவழைக்கப்பட்டது. 1894ல், விசாலமான, காற்றோட்டமான புது ஆய்வகம் திறக்கப்பட்டது. ராயின் ஆய்வுகளும் அங்கே சூடு பிடித்தன. 1896ல், பாதரசத்தின் புதிய உப்பான மெர்க்குரஸ் நைட்ரைட் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை, உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்தக் காலத்தில், மருந்துகளும், ரசாயனங்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தன. நம் மண்ணிலேயே செய்தால் என்ன என்று நினைத்தார் ராய். சில நூறு ரூபாய் முதலுடன், 1892ல், தான் குடியிருந்த வாடகை வீட்டிலேயே, பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தைத் தொடங்கினார். பகலில் பாடம்; கல்லூரி முடிந்ததும் தொழிற்சாலை!

பாஸ்பேட் உப்பு தயாரிக்க எலும்பு வேண்டும். இறைச்சிக் கடைகளில் மூட்டை மூட்டையாக மாட்டெலும்பு வாங்கி, மொட்டை மாடியில் காயப் போட்டார். நேரம் பார்த்து மழை கொட்டியது. ஒட்டியிருந்த சதை அழுகி, புழு நெளிந்து, நாற்றம் தெருவையே தூக்கியது. காக்கைகள் எலும்பைக் கொத்தி, பக்கத்து வீடுகளில் போட்டன. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்து விட்டனர். வேறு வழியின்றி, எலும்புகளை ஊருக்கு வெளியே கொண்டு போய், இரவில் எரித்தனர். நெருப்பைப் பார்த்து ஓடி வந்த போலீசார், யாரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டனராம்!

வாங்குவது எளிது, வாங்கியதை எங்கே, எப்படி வைப்பது என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். சிரிப்பூட்டும் இந்தச் சம்பவம் சொல்லும் பாடம் அது.

அடுத்த பாடம், கண்ணீரில் வந்தது. ராயின் நண்பர், டாக்டர் அமுல்ய சரண் போஸ், நிறுவனத்தில் சேர்ந்து தோள் கொடுத்தார். அவரது உறவினரான சதீஷ் சந்திர சின்ஹா என்ற இளைஞரும் வந்தார். வேதியியல் முதுகலை படித்தவர், துடிப்பானவர். ஒருநாள் ஆய்வகத்தில், ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு, தவறுதலாக அவர் உயிரைப் பறித்து விட்டது. படித்தவர், விவரம் தெரிந்தவர் என்பதால், நஞ்சு ஒதுங்கிப் போகவில்லை. அந்தத் துயரம் ஆறுவதற்குள், 1898ல், அமுல்ய சரணும் பிளேக் நோய்க்குப் பலியானார்.

இரு தூண்களும் சாய்ந்த பிறகும், ராய் நிறுவனத்தைக் கைவிடவில்லை. 1901ல் அது பொது நிறுவனமாக வளர்ந்தது. மாணிக்தலாவில் கந்தக அமிலம் தயாரித்தது. ஆய்வகக் கருவிகள், தீயணைப்புக் கருவிகள் கூடச் செய்தது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார், 1906ல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கினார் அல்லவா? அதே சுதேசி உணர்வுதான், கல்கத்தாவில் சுதேசி ரசாயனமாக நின்றது. பெங்கால் கெமிக்கல், இன்று மத்திய அரசு நிறுவனம்.

பழந்தமிழ் நாட்டில் சித்தர்கள் பற்பம், செந்தூரம் செய்தது போல, வடநாட்டிலும் ரசவாத நூல்கள் இருந்தன. அவற்றைத் தேடிப் படித்து, இந்து வேதியியலின் வரலாற்றை, 1902லும், 1909லும் இரண்டு பாகங்களாக எழுதினார் ராய். அதில், பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ரச ரத்ன சமுச்சயம் என்ற நூல் சொல்லும் ஆய்வக அமைப்பும் வருகிறது. அடுப்புகளுக்குத் தென்கிழக்கு, கழுவுவதற்கு மேற்கு, உலர்த்துவதற்கு வடமேற்கு என, ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம்! பொருளுக்கு ஓர் இடம் என்பது, நேற்று வந்த சட்டமல்ல.

ராய் திருமணம் செய்து கொள்ளவில்லை. கல்கத்தா அறிவியல் கல்லூரியில், ஒரு சிறு அறையில் எளிமையாக வாழ்ந்தார். 60 வயதுக்குப் பின் வந்த சம்பளத்தை, பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து விட்டார். 1924ல் உருவான இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவர் அவரே. 1944 ஜூன் 16ல், தன் 82வது வயதில் மறைந்தார்.

மாணவர்களே... அடுத்த முறை ஆய்வகத்துக்குள் நுழையும்போது, ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். லேபிள் இல்லாத குப்பியைத் தொடாதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். எதையும் நாக்கில் வைக்கவோ, நேராக முகர்ந்து பார்க்கவோ கூடாது. ஆசிரியர் அமிலத்தை நீர்க்கும்போது கவனியுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை மெதுவாக ஊற்றுவார், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கனமான அமிலக் குப்பிகள் கீழ்த்தட்டில் இருப்பதும், ஸ்பிரிட் போன்ற தீப்பற்றும் பொருட்கள் நைட்ரிக் அமிலத்தை விட்டு விலகி இருப்பதும், தேவைக்கு மட்டும் ரசாயனம் வாங்குவதும், சிக்கனத்துக்காக மட்டுமல்ல; உங்கள் உயிருக்காக!

ரசாயனத்தை நேசித்தார் ராய். ஆனால், ஒருபோதும் அதை அலட்சியமாக நினைக்கவில்லை. நாமும் அப்படியே இருப்போமா!