அடிமை வியாபாரி பாதிரியார் ஆனார்!

நடுக்கடல். கும்மிருட்டு. பேய்க்காற்று வீசிக் கொண்டிருந்தது.

'கிரேகவுண்டு' என்ற கப்பலில் தூங்கிக் கொண்டிருந்த ஜான் நியூட்டன் திடுக்கிட்டு விழித்தான். அவன் படுத்திருந்த அறைக்குள் கடல் தண்ணீர் புகுந்து விட்டது. மேல் தளத்துக்குப் போக ஏணியில் ஏறினான். ஒரு கத்தியை எடுத்து வரும்படி கப்பல் தலைவர் சொன்னார். நியூட்டன் திரும்பினான். அவனுக்குப் பதிலாக வேறொரு மாலுமி மேலே ஏறினான். ஏறியவனை அலை அடித்துக் கொண்டு போய் விட்டது.

இது நடந்தது 1748-ம் ஆண்டு மார்ச்சு மாதம். அப்போது நியூட்டனுக்கு வயது 22. கடவுள் இல்லை என்று அடித்துப் பேசுவான். பேசுவதோடு நிற்க மாட்டான். மற்றவர்களின் நம்பிக்கையையும் கெடுப்பான். அவன் வாயில் வரும் வசவுகளைக் கேட்டு, கப்பல் தலைவரே அவனைக் கண்டித்தது உண்டு.

தாயின் ஆசை

நியூட்டன் 1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தவன். தந்தை ஒரு கப்பல் தலைவர். பெரும்பாலும் கடலிலேயே இருப்பார். தாய் பக்தி மிகுந்தவர். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சிறு வயதிலேயே பைபிள் வசனங்களையும் பக்திப் பாடல்களையும் மனப்பாடம் செய்ய வைத்தார்.

பையனுக்கு 7 வயது முடியும் முன்பே, அந்தத் தாய் காச நோயால் இறந்து விட்டார்.

11 வயதில் நியூட்டன் தந்தையுடன் கப்பல் ஏறினான். 17 வயதில் மேரி என்ற பெண்ணைப் பார்த்தான். அவள் சிறு பெண். பார்த்த நாள் முதல் அவளை அவன் மறக்கவே இல்லை. அவன் வாழ்க்கையில் மாறாமல் இருந்தது அந்த ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கடற்படைக்குப் பலாத்காரமாக ஆள் பிடிப்பார்கள். 1744-ம் ஆண்டில் நியூட்டனும் பிடிபட்டான். அவனை ஏற்றிய போர்க் கப்பல் இந்தியப் பக்கம் போக இருந்தது. திரும்பி வர 5 ஆண்டு ஆகும் என்றார்கள். மேரியை நினைத்தான். ஓடினான். அகப்பட்டுக் கொண்டான். எல்லோர் முன்னிலையிலும் அவனுக்குக் கசையடி கொடுத்தார்கள்.

பிறகு அவன் ஓர் அடிமைக் கப்பலுக்கு மாற்றப்பட்டு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு தீவில், அடிமைகளை வாங்கி விற்கும் வெள்ளைக்காரன் ஒருவனிடம் வேலைக்கு அமர்ந்தான். வேலை என்று பெயர். உண்மையில் அதுவும் அடிமை வாழ்வுதான். எசமானோடு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண் அவனைப் படாத பாடு படுத்தினாள். அவன் காய்ச்சலில் கிடந்தபோது, குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. பசி தாங்காமல், இரவில் தோட்டத்தில் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான்.

அப்போது அவனுக்கு இரகசியமாகச் சோறு போட்டவர்கள் யார் தெரியுமா? சங்கிலியில் கட்டிக் கிடந்த கறுப்பு அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த கொஞ்ச உணவில் அவனுக்கும் பங்கு கொடுத்தார்கள். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். நியூட்டன்தான் வெகு காலம் மறந்து போனான்.

தேடி வந்த கப்பல்

மகனைப் பற்றித் தகவல் இல்லாமல் தவித்த தந்தை, தெரிந்த கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்தார். அப்படித் தேடி வந்த கப்பல்தான் 'கிரேகவுண்டு'. ஊர் திரும்பும் வழியில்தான் அந்தப் புயல் அடித்தது.

கப்பலின் ஒரு பக்கம் உடைந்து விட்டது. கையில் கிடைத்த துணிகளை எல்லாம் அடைத்துப் பலகை அடித்தார்கள். நியூட்டன் மணிக்கணக்கில் தண்ணீரை இறைத்தான். கப்பலில் இருந்த சரக்கு தேன்மெழுகும் மரமும். இரண்டும் தண்ணீரில் மிதப்பவை. அதனால்தான் கப்பல் மூழ்கவில்லை.

இறைத்துக் கொண்டிருக்கும்போதே, ஆண்டவன்தான் இரங்க வேண்டும் என்று அவன் வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகு அவனே திகைத்தான். இத்தனை நாள் தூற்றிய தன் மேல் ஆண்டவன் எப்படி இரங்குவான்? தாய் சொல்லிக் கொடுத்த வசனங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சுமார் 4 வாரம் பட்டினியும் குளிருமாகத் தத்தளித்து, கப்பல் அயர்லாந்துக் கரையைத் தொட்டது. கடைசி உணவு அப்போது அடுப்பில் வெந்து கொண்டிருந்தது.

நியூட்டன் வசவை விட்டான். பைபிள் படித்தான். இனி யோக்கியனாக நடப்பது என்று உறுதி எடுத்தான். ஆனால் அடுத்த பயணத்திலேயே உறுதி காற்றில் பறந்தது. பழைய தீவுக்குப் போனபோது கடும் காய்ச்சல் கண்டது. எழுந்து நடக்கவும் பலம் இல்லாமல், ஒரு மறைவான இடத்துக்கு ஊர்ந்து போனான். இந்த முறை எந்த உறுதியும் எடுக்கவில்லை. தன்னால் ஆகாது என்று ஒப்புக் கொண்டு, தன்னை ஏசுவின் கையில் விட்டு விட்டான்.

கிறிஸ்தவர்கள் கிருபை என்று சொல்வது இதைத்தான். அது வேலைக்குக் கிடைக்கும் கூலி அல்ல. தகுதி இல்லாதவனுக்கும் இலவசமாகக் கிடைக்கும் தயவு. அதை நம்பிக் கை நீட்டுவதுதான் விசுவாசம்.

மேலே ஜெபம், கீழே சங்கிலி

அன்றோடு அவன் அடிமை வியாபாரத்தை விட்டிருப்பான் என்றுதானே தோன்றும்? அதுதான் இல்லை!

1750-ம் ஆண்டில் மேரியை மணந்தான். அதே ஆண்டில் அடிமைக் கப்பலுக்குத் தலைவன் ஆனான். 1754 வரை 3 முறை ஆப்பிரிக்கா போய் அடிமைகளை ஏற்றினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல் தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்துவான். கீழே ஆண்கள் இருவர் இருவராக விலங்கிடப்பட்டு, புரண்டு படுக்க இடமின்றிக் கிடப்பார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகம் வந்தால், அவர்களுடைய கட்டை விரல்களைத் திருகாணியில் வைத்து நெரித்தும் இருக்கிறான். ஊரில் எல்லோரும் இதைக் கௌரவமான தொழில் என்றார்கள். அவனும் அப்படியே நினைத்தான்.

அவன் கடலை விட்டதுகூட மனச்சாட்சியால் அல்ல. 1754-ல் வீட்டில் திடீரென்று வலிப்பு வந்து விழுந்தான். இனி கப்பல் வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலை பார்த்துக் கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் படித்தான். 1764-ம் ஆண்டில், 39-வது வயதில், ஓல்னி என்ற சிற்றூருக்குப் பாதிரியார் ஆனார் நியூட்டன். தாயின் ஆசை நிறைவேறியது.

ஓல்னியில் ஏழைகள் அதிகம். வீட்டில் உட்கார்ந்து பூப்பின்னல் பின்னிப் பிழைப்பவர்கள். அவர்களுக்காக எளிய பாட்டுகள் எழுதினார். மனச்சோர்வு நோயால் வாடிய கவிஞர் கூப்பர் அங்கே வந்து நண்பர் ஆனார். இருவர் பாட்டுகளும் 1779-ல் புத்தகமாக வந்தன. உலகம் முழுவதும் இன்று பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' அதில் உள்ளது. அந்தப் பாட்டு 1773-ம் ஆண்டு புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. இப்போதைய மெட்டு, அவர் இறந்த பின் 1835-ல் அமெரிக்காவில் சேர்ந்தது.

இரகசியமாக வந்த எம்.பி.

பிறகு நியூட்டன் லண்டனில் ஒரு கோவிலுக்குப் போனார். 1785-ம் ஆண்டு டிசம்பரில் ஓர் இளைஞர் அவரைத் தேடி இரகசியமாக வந்தார். உள்ளே போகத் தயங்கித் தெருவைச் சுற்றி நடந்தார். அவர்தான் பார்லிமெண்டு உறுப்பினர் வில்பர்போர்ஸ். வயது 26. பக்தியில் மனம் திரும்பி விட்டது. அரசியலை விட்டு விடலாமா என்று யோசனை. விட வேண்டாம், அங்கேயே இருந்து தொண்டு செய்யுங்கள் என்று நியூட்டன் சொல்லி அனுப்பினார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பார்லிமெண்டில் போராடியவர் அந்த இளைஞர்தான்.

1788-ம் ஆண்டில் நியூட்டன் தாமே வாய் திறந்தார். அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். தாம் செய்ததை மறைக்கவில்லை. வெட்கத்தோடு ஒப்புக் கொண்டார். அரசாங்க விசாரணையில் சாட்சியும் சொன்னார். கடலை விட்டு 34 ஆண்டு கழித்து வந்த வாக்குமூலம் அது. இத்தனை தாமதம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. தாமதம்தான் என்று அவரும் ஒத்துக் கொண்டார்.

1790-ல் மேரி இறந்தார். நியூட்டனுக்குக் கண் பார்வை மங்கியது. காது மந்தம் ஆனது. 80 வயதிலும் பிரசங்கத்தை விடவில்லை. புயல் அடித்த நாளை ஆண்டு தோறும் ஜெபத்தில் கழித்தார்.

1807 மார்ச்சு மாதம் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அந்தச் செய்தியைக் கேட்க நியூட்டன் உயிரோடு இருந்தார். டிசம்பர் 21-ந்தேதி, 82-வது வயதில் காலமானார்.

தம் கல்லறையில் பொறிக்க வேண்டிய வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். முன்பு நாத்திகனாகத் திரிந்ததையும், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கும் அடிமையாகக் கிடந்ததையும், ஏசுவின் இரக்கத்தால் மன்னிப்புப் பெற்றதையும் அதில் சொல்லி இருந்தார். 1893-ம் ஆண்டில் அவருடைய எலும்புகளையும் மேரியின் எலும்புகளையும் லண்டனில் இருந்து எடுத்துப் போய், ஓல்னியில் அடக்கம் செய்தார்கள். அங்குள்ள கல்லிலும் அதே வாசகம்தான் இருக்கிறது.