நர்ஸ் ஆக வீட்டில் தடை... விடியற்காலையில் எழுந்து படித்த நைட்டிங்கேல்!

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கைவிளக்கு ஏந்திய காரிகை, சரிதானே? அந்த விளக்கைக் கையில் எடுக்கும் முன் அவர் பட்ட பாடு தெரியுமா?

1820-ல் பிறந்த நைட்டிங்கேல், இங்கிலாந்தின் பணக்கார வீட்டுப் பெண். 25 வயதில், சாலிஸ்பரி மருத்துவமனையில் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ள அனுமதி கேட்டார். வீடே கொதித்துப்போனது. அன்றைக்கு ஆஸ்பத்திரி என்றாலே அழுக்கும் நாற்றமும்தான். நர்ஸுகளுக்குப் படிப்போ பயிற்சியோ கிடையாது. குடிப்பவர்கள் என்ற கெட்ட பெயர் வேறு!

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? அவர் வீட்டிலிருந்தே படிக்க ஆரம்பித்தார். விடியும் முன் குளிரில் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளையும் சுகாதாரக் கணக்குகளையும் வாசித்து, நோட்டு நோட்டாகக் குறிப்பெடுத்தார். நல்ல வரன் வந்தது, வேண்டாம் என்றார். 1851-ல், 31 வயதில்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. அதையும் வெளியே சொல்லக்கூடாதுன்னு வீட்டில் கண்டிஷன்!

1854-ல் கிரிமியப் போர். 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே காயத்தைவிட நோயால் செத்தவர்களே அதிகம். 1855-ல் அரசு அனுப்பிய குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. ஊர் திரும்பிக் கணக்குப் போட்டபோது அவருக்கு ஒன்று தெளிவானது. அன்பா பார்த்துக்கிட்டா மட்டும் பத்தாது. காற்று, தண்ணீர், கழிவு, கணக்கு எல்லாம் தெரிந்திருக்கணும். அதாவது, இது படிச்சு வர வேண்டிய வேலை.

1860-ல் மக்கள் தந்த நன்கொடையில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். முதல் பேட்ச்சில் 15 பேர். ஒரு வருடப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாட்டோடு 10 பவுண்டு ஸ்டைபண்டும் உண்டு! அங்கே படித்த ஆக்னஸ் ஜோன்ஸ், 1865-ல் 12 நர்ஸுகளுடன் லிவர்பூலின் ஏழைகள் விடுதி மருத்துவமனைக்குப் போனார். அதுவரை அங்கே நோயாளிகளைக் கவனித்தது, அதே விடுதியில் தங்கியிருந்த ஏழைப் பெண்கள்தான். கைவிடப்பட்ட ஏழைக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் கிடைத்தது அப்போதுதான். மூன்றே ஆண்டுகளில் டைபஸ் காய்ச்சலில் ஆக்னஸ் இறந்துபோனார். ஆனாலும், அந்த முறை மற்ற ஊர்களுக்கும் பரவியது.

1910-ல், 90 வயதில் நைட்டிங்கேல் மறைந்தார். நர்ஸிங், சமூகப்பணின்னு படிப்பு தேடிட்டு இருக்கீங்களா? உங்களுக்கு இன்னிக்கு காலேஜ் இருக்கு, பட்டம் இருக்கு. மூன்று மாதப் பயிற்சிக்கு ஆறு வருஷம் காத்திருந்த ஒருவர் போட்டுத் தந்த பாதை அது. தைரியமா நடங்க!