காமாக் காமிரா கண்ட ஹால் ஆங்கர்

நோயைத் தீர்க்க முயல்வோன் முதற்கண் அதனை நாடி அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் துணிபு. நோய் உடலின் புறத்தே தோன்றுமாயின் கண்ணே போதும். உள்ளே சிறு கட்டியாய் மறைந்திருப்பின் அதனை எங்ஙனம் காண்பது? இவ்வினாவிற்கு விடைகாண உழைத்தோருள் ஒருவர் ஹால் ஆங்கர் என்னும் அமெரிக்கர். நம்மிற் பலர் பிறப்பதற்கு முன்னரே மறைந்த அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆங்கர் 1920-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் டென்வர் நகரிற் பிறந்தார். கலிபோர்னியாவில் வளர்ந்து, பெர்க்லியிலுள்ள பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்று, 1943-இல் இளநிலைப் பட்டம் பெற்றார். அவர் பயின்று பெற்ற பட்டம் அஃதொன்றே. இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டில், பகைவருடைய ராடாரைக் குழப்பும் கருவிகளை ஆக்கும் பணியில் ஈடுபட்டார். போர் ஓய்ந்தபின் பெர்க்லிக்கு மீண்டு, டோனர் ஆய்வகத்தில் அமர்ந்தார். போருக்கு உழைத்த கை அன்றுமுதல் பிணி நீக்கத்திற்கு உழைக்கலாயிற்று.

கதிர்வீசும் பொருளை மிகச் சிறிதளவு நோயாளிக்குக் கொடுத்தால், அதனை ஏற்ற உறுப்பிலிருந்து காமாக் கதிர்கள் வெளிப்படும். அக்கதிர்களைக் கொண்டு படம் எழுத, 1951-ஆம் ஆண்டளவில் கேசன் என்பார் ஒரு கருவி செய்தார். அஃது உழவன் சால்மேற் சால் ஓட்டுவதுபோல உடலின்மேல் வரிவரியாய் ஊர்ந்து சென்றமையின், படம் முடிய நெடும்பொழுது கழிந்தது. முழுவுறுப்பையும் ஒருங்கே காணவேண்டும் என ஆங்கர் விழைந்தார். 1952-இல் ஊசித்துளையும் படிகமும் படச்சுருளும் கொண்ட கருவியொன்றை அமைத்தார். சுருள் ஒளியை மந்தமாகவே ஏற்றமையால் அதுவும் காலந் தாழ்த்தது. அவர் சோர்ந்தாரல்லர், சுருளையே நீக்கிவிட்டார்.

1957-இல் உருவான புதிய கருவியில், நான்கு அங்குல விட்டமுள்ள சோடியம் அயோடைடுப் படிகத்தின் பின்னே ஏழு ஒளிபெருக்கிக் குழல்கள் நின்றன. இருளில் ஒரு மணி ஒலித்தால் அணித்திருப்போன் உரக்கவும் சேய்த்திருப்போன் மெலிதாகவும் கேட்பான். எழுவர் கேட்டதையும் ஒப்புநோக்கின் மணியின் இடம் புலனாகும். அவ்வாறே, கதிர் பட்டுப் படிகத்தில் எழும் ஒளித்துளியைக் குழல் ஒவ்வொன்றும் எவ்வளவு பெற்றது எனக் கணக்கிட்டு, கருவி அதன் இடத்தைத் திரையிற் காட்டிற்று. 1962-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் விலைக்கு வந்த முதற் கருவியைப் பெற்றது. பின்னர் இக்கருவி உலகெங்கும் மருத்துவமனைகளிற் புகுந்தது.

ஆயினும் ஒரு குறை நின்றது. பெருங்கருவி மார்பகத்தை நெருங்கி நிற்க இயலாது. கதிர்களை நெறிப்படுத்தும் ஈயத்துளைகள், தொலைவு மிகுந்தோறும் மங்கிய படத்தையே தரும். எனவே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் பல தப்பின. அந்தோ! எளிதில் தீர்க்கத்தகும் பருவத்துக் கட்டிகளும் அவையே. பின்வந்தோர் மார்பகத்தோடு ஒட்டி நிற்கும் சிறு காமிராக்களை அமைத்தனர். அவற்றுட் சிலவற்றில் காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் கலந்த படிகம், கதிரை இடையே ஒளியாக்காது நேரே மின்குறியாக மாற்றுகின்றது. டெக்னீஷியம் கலந்த மருந்தை ஊசிவழிச் செலுத்தி, எக்ஸ் கதிர்ப் படத்தில் அடர்ந்த தசையால் மறைபடும் சிறு கட்டிகளையும் இவற்றாற் காண இயல்கின்றது. செலுத்தும் கதிரளவைக் குறைத்தலும் இவர்தம் முயற்சியே.

ஆங்கர் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் முதற்கருவியோடு மனநிறைவு கொண்டிருப்பின், நாம் இன்றும் வரிவரியாய் ஊர்ந்துகொண்டிருப்போம். பட்டங்களின் எண்ணிக்கையன்று, தன் கருவியின் குறையைத் தானே கண்டு திருத்தும் ஊக்கமே அறிஞனை ஆக்குவது. இளநிலை மாணவராகிய நாம் அவர் வாழ்விற் கற்கத்தகுவது இதுவேயாம்.